நான் மொழிபெயர்க்காமல் விட்ட ஒரு வசனம்

எங்கள் வீட்டில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். உங்கள் வீட்டில் அது நீங்களாக இருக்கலாம். பத்து வயதிலிருந்தே வங்கிக் கடிதம், கவுன்சில் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் முதலில் என் கைக்குத்தான் வரும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆங்கிலம் தெரியாது என்றில்லை. லண்டனுக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. ஆனால் யாராவது ஒருவர் மேசைக்குப் பின்னால் நின்று வேகமாகப் பேசத் தொடங்கினால், அப்பா என்னைத் திரும்பிப் பார்ப்பார். "பிள்ளை, என்னவாம்?"

அந்த வேலையை நான் நன்றாகத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுவிற்சர்லாந்தின் ஒரு மலைப்பாதையில் வைத்து அப்படி இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

இது காரின் பிரேக் திரவத்தைப் பற்றிய பதிவு. இதை விடச் சலிப்பான தலைப்பு உண்டா என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

கராஜில் நடந்தது

அந்த வருடம் வசந்த காலத்தில் எங்கள் காரை வருடாந்த எம்.ஓ.டி. பரிசோதனைக்கும் சேர்விஸுக்கும் கொண்டு போனோம். ஏழு பேர் இருக்கக்கூடிய கார். ஒன்பது வயது. அப்பா அதை இரண்டாம் கையாக வாங்கியவர். வேலை முடிந்ததும் மெக்கானிக் என்னிடம் சொன்னவை இவை: பிரேக் திரவம் மாற்றியதாகப் பதிவேட்டில் எங்குமே இல்லை. அதற்குள் தண்ணீர் கலந்துவிட்டது. அதனால் அது கொதிக்கும் வெப்பநிலை குறைந்துவிட்டது. மாற்றுவது நல்லது. அறுபது பவுண்.

நான் அப்பாவிடம் சொன்னது இது: "பிரேக் ஒயில் மாத்தச் சொல்லுறான். அறுபது பவுணாம்."

அப்பா பொனற்றைத் திறந்து பார்த்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தலில் திரவம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. "அளவு நல்லாத்தானே நிக்குது. எம்.ஓ.டி. பாஸ் தானே?"

"ஓம் அப்பா, பாஸ்."

"பிறகென்ன? சும்மா காசு பிடுங்கப் பாக்கிறாங்கள்."

இன்றைக்கு வேண்டாம் என்று நான் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பில்லின் அடியில் ஒரு வரி எழுதினார். நான் அதையும் வாசித்தேன். மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் தண்ணீர் கலந்துவிட்டது, கொதிநிலை குறைந்துவிட்டது என்ற வசனத்தை நான் விட்டுவிட்டேன். எனக்கே அது விளங்கவில்லை. விளங்காததை எப்படிச் சொல்வது? சுருக்கிவிட்டேன்.

மலையில் நடந்தது

ஓகஸ்ட் மாதம் பேர்ணில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். ஒருநாள் எல்லோருமாக மலை பார்க்கப் புறப்பட்டோம். அப்பா, அம்மா, நான், தம்பி, அம்மம்மா, பெரியம்மா, பெரியப்பா. ஏழு இருக்கையும் நிறைந்திருந்தது. காலடியில் றோல்ஸ் பெட்டியும் தேத்தண்ணிப் போத்தலும்.

கிரிம்சல் கணவாய் 2,164 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே இறங்கினால் கீழே இன்னேர்ட்கிர்கென் என்ற ஊர் 625 மீற்றர் உயரத்தில். அதாவது ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட செங்குத்து இறக்கம், வளைந்து வளைந்து. அப்பா லண்டனில் ஓட்டுவது போலவே கியரை 'டி'யில் விட்டுவிட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினார். முதலில் ஒரு எரிந்த மணம் வந்தது. யாருடையதோ கார் என்று நினைத்தோம். பிறகு, குட்டன்னென் என்ற கிராமத்துக்குச் சற்று மேலே, ஒரு வளைவுக்கு முன்னால், அப்பாவின் முகம் மாறியது.

"பிரேக் கீழ போகுது."

அவ்வளவுதான் சொன்னார். பெடல் பஞ்சை மிதிப்பது போல இறங்கியதாம். அப்பா அதைத் திரும்பத் திரும்ப வேகமாக மிதித்தார். கியரைக் கீழே இறக்கினார். எஞ்சின் உறுமியது. கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். வலது பக்கம் சரளைக்கல் போட்ட ஒரு ஒதுக்கிடம் இருந்தது. அதற்குள் காரை விட்டார். நின்றது. அம்மம்மா "நல்லூர்க் கந்தா" என்று சொன்னது மட்டும்தான் காதில் கேட்டது.

இதைச் சொல்லியே ஆக வேண்டும்: அன்று எங்களைக் காப்பாற்றியது அப்பாவின் பழைய அனுபவம். ஊரில் பிரேக் சரியாகப் பிடிக்காத வாகனங்களை ஓட்டிப் பழகிய மனிதர் அவர். எஞ்சினால் வேகத்தைக் குறைக்கலாம் என்பது அவருடைய கைக்கும் காலுக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அப்போது லைசன்ஸ் கிடைத்து ஆறு மாதம். நான் ஓட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே விருப்பமில்லை.

பெரியம்மாவின் மகன், எங்கள் அண்ணா, பேர்ணில் ஒரு கராஜில் வேலை செய்கிறவர். அவருக்கு ஃபோன் எடுத்தோம். அரை மணித்தியாலம் கழித்துப் பெடல் மறுபடியும் இறுக்கமாகிவிட்டது. "இப்ப சரி வந்திட்டுது, மெதுவாப் போவம்" என்றார் அப்பா. அண்ணா ஃபோனில் கத்தினார்: "சித்தப்பா, அந்தக் காரை ஒருத்தரும் தொடக் கூடாது. பெடல் திரும்பி வந்ததுதான் பயம்."

இழுவை வண்டி வந்தது. அடுத்த நாள் கீழே ஒரு கராஜில் திரவத்தைச் சோதித்தார்கள். 138 பாகை செல்சியஸில் கொதித்தது. எங்கள் காருக்குரிய திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை தாங்க வேண்டியது.

உள்ளே என்ன நடக்கிறது?

அண்ணா விளங்கப்படுத்தியதை, இந்த முறை ஒரு வசனமும் விடாமல் சொல்கிறேன்.

நீங்கள் பெடலை மிதிக்கும்போது உங்கள் காலின் அழுத்தத்தை நான்கு சில்லுக்கும் கொண்டு போவது ஒரு திரவம். திரவத்தை அமுக்கிச் சிறிதாக்க முடியாது. அதனால்தான் கால் அசைந்த உடனே பிரேக் பிடிக்கிறது. ஆனால் ஆவியை அமுக்கலாம். திரவம் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் வந்துவிட்டால், நீங்கள் மிதிக்கும் மிதியெல்லாம் அந்தக் குமிழிகளை அமுக்குவதிலேயே போய்விடும். சில்லுக்கு ஒன்றும் போய்ச் சேராது. சூடு ஆறினால் குமிழிகள் மறைந்துவிடும், பெடல் திரும்பி வரும். அடுத்த இறக்கத்தில் மறுபடியும் போகும்.

எவ்வளவு சூடு என்று கேட்கிறீர்களா? பள்ளிக்கூடத்துப் பௌதிகம் போதும். நாங்கள் ஏழு பேரும் காருமாகச் சுமார் 2 தொன். 1,540 மீற்றர் இறக்கம். அந்தச் சக்தி முழுவதும் பிரேக்குக்கே போனால், 80 லீற்றருக்கு மேற்பட்ட குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்தான். ஆனால் 'டி'யில் விட்டுப் பிரேக்கில் கால் வைத்து இறங்கினால் பெரும் பங்கு பிரேக்குக்குத்தான். டிஸ்க் தட்டு 300 பாகையைத் தாண்டுவது அதிசயமில்லை. அந்தச் சூடு பேட் வழியாக, கலிப்பர் வழியாகத் திரவத்துக்கு வருகிறது.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? யாரும் ஊற்றவில்லை. பெரும்பாலான கார்களில் இருக்கும் பிரேக் திரவம் கிளைக்கோல் வகையைச் சேர்ந்தது. அது காற்றிலிருக்கும் ஈரப்பதனைத் தானாகவே உறிஞ்சும். றப்பர் குழாய்கள் வழியாகவும் மூடி வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகிறது. கார் ஓடினாலும் போகும், வீட்டு வாசலில் சும்மா நின்றாலும் போகும். அதனால் இதற்குக் கணக்கு மைல் அல்ல, காலம். பல உற்பத்தியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். மின்சாரக் காரில் பிரேக்கைக் குறைவாகத்தானே பாவிக்கிறோம் என்று நினைக்காதீர்கள். அதிலும் திரவம் உண்டு. அதுவும் உறிஞ்சும். இடைவெளி மட்டும் காருக்குக் கார் மாறும்.

தண்ணீர் செய்யும் கெடுதி கொதிப்பதோடு முடிவதில்லை. கலிப்பருக்குள்ளும் ஏ.பி.எஸ். பெட்டிக்குள்ளும் துருவைக் கொண்டுவரும். ஏ.பி.எஸ். பெட்டி மாற்றப் பல நூறு பவுண் வேண்டும். அறுபது பவுணை மிச்சம் பிடித்த கணக்கு அங்கே முடிகிறது.

'ஒயில்' என்ற சொல்

இப்போது என் குற்றத்தின் அடுத்த பாதி. நான் 'பிரேக் ஒயில்' என்றேன். எங்கள் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அது எண்ணெய் இல்லை. அப்பாவின் மனதில் ஒயில் என்றால் போத்தலில் அளவு பார்ப்பது, குறைந்தால் விடுவது. எண்ணெய்க்குள் தண்ணீர் கலக்காது என்பது சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே "ஒயிலுக்குள் தண்ணீர்" என்று நான் சொல்லியிருந்தால்கூட அவர் நம்பியிருக்க மாட்டார்.

அந்தச் சொல் வேறு விதத்திலும் ஆபத்து. பிரேக் போத்தலுக்குள் உண்மையாகவே ஒரு எண்ணெயை, எஞ்சின் ஒயிலையோ ஸ்டியரிங் ஒயிலையோ, தவறி ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் றப்பர் சீல்கள் ஊதிப் பழுதாகும். பிறகு முழுத் தொகுதியையும் கழற்ற வேண்டும். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும், ஆனால் மறுபக்கமாக. ஷிமானோவின் டிஸ்க் பிரேக்குகள் மினரல் ஒயிலில் வேலை செய்பவை. அவற்றுக்குள் கார்த் திரவத்தை ஊற்றினால் அவற்றின் சீல்கள் போய்விடும். எதை ஊற்றுவது என்று பிரேக்கில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள்.

இதனால் நான் இப்போது வீட்டில் 'பிரேக் திரவம்' என்றுதான் சொல்கிறேன். தம்பி சிரிக்கிறான், தமிழ் ரீச்சர் மாதிரி இருக்காம். இருக்கட்டும்.

எதைத் தெரிவு செய்வது?

கடையில் போத்தல்களில் 'டொட்' என்று போட்டு ஒரு இலக்கம் இருக்கும். டொட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஆங்கில முதலெழுத்துகள். அவர்கள் வகுத்த தரம்தான் உலகமெங்கும் பழகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் முக்கியம்: புதிதாக இருக்கும்போது எத்தனை பாகைக்கு முன் கொதிக்கக் கூடாது, 3.7 சதவீத அளவு தண்ணீர் கலந்த பிறகு எத்தனை பாகைக்கு முன் கொதிக்கக் கூடாது. டொட் 3-க்கு 205, பிறகு 140. டொட் 4-க்கு 230, பிறகு 155. டொட் 5.1-க்கு 260, பிறகு 180. எங்கள் காரில் இருந்த டொட் 4, ஈரத்தோடு தாங்க வேண்டிய 155-ஐ விடவும் கீழே போயிருந்தது.

இலக்கம் கூடினால் நல்லது என்று இதைப் பார்த்தால் தோன்றும். அங்கேதான் ஒரு பொறி. டொட் 5-உம் டொட் 5.1-உம் ஒன்றல்ல. டொட் 5 சிலிக்கோன் வகை. அது மற்றவற்றோடு கலக்காது, ஏ.பி.எஸ். உள்ள சாதாரணக் கார்களுக்கு ஏற்றதும் அல்ல. ஒரு புள்ளியும் ஒரு ஒன்றும்தான் வித்தியாசம், ஆனால் உள்ளே இருப்பது வேறு இரசாயனம். இப்படிப் பெயர் வைத்தவர்களுடன் எனக்கு ஒரு கோபம் உண்டு.

இன்னொன்று: குளிரில் எவ்வளவு இலகுவாக ஓடுகிறது என்பதும் முக்கியம். புதிய கார்களின் ஏ.பி.எஸ்., வழுக்காமல் காக்கும் தொகுதிகள் எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் திரவத்தைத் தள்ளி இழுக்க வேண்டும். அதற்காகவே தடிப்புக் குறைந்த டொட் 4 வகை ஒன்று இருக்கிறது. நோர்வேயிலும் கனடாவிலும் இருக்கும் உங்களுக்கு இது வெறும் தகவல் இல்லை. உங்கள் காரின் கைநூல் அதைக் கேட்டால் அதையே போடுங்கள்.

பந்தயக் காருக்கான திரவம் என்று இணையத்தில் விற்பதை வாங்கிப் போடும் நண்பர்கள் எனக்கும் இருக்கிறார்கள். புதிதாக இருக்கும்போது அது 300 பாகையைக்கூடத் தாண்டும். ஆனால் அதை அடிக்கடி மாற்ற வேண்டும். வேலைக்கும் கோயிலுக்கும் சுப்பர்மார்க்கற்றுக்கும் போகும் காருக்கு, நேரத்துக்கு மாற்றிய சாதாரண டொட் 4, மறந்துபோன பந்தயத் திரவத்தை விட மேல். எந்த இலக்கம் என்பது போத்தலின் மூடியிலேயே எழுதியிருக்கும். கைநூலிலும் இருக்கும். அங்கே பார்த்தால் போதும்.

"காசு பிடுங்கப் பாக்கிறாங்கள்"

அப்பாவின் இந்த வசனத்தை நான் கேலி செய்ய மாட்டேன். மொழி தெரியாதவன் என்று நினைத்து ஏமாற்றியவர்களை அவர் வாழ்க்கையில் நிறையச் சந்தித்திருக்கிறார். தேவையில்லாத வேலையைத் தலையில் கட்டும் கராஜுகளும் இருக்கத்தான் செய்கின்றன. போன வருடம் மாற்றியதை இந்த வருடமும் மாற்றச் சொன்னால் மறுக்கலாம். ஆனால் சந்தேகத்துக்கு மருந்து மறுப்பு அல்ல, கேள்வி. "அளந்து பார்த்தீர்களா? எவ்வளவு வந்தது? எனக்கும் காட்டுங்கள்." சோதிக்கும் கருவிகள் இருக்கின்றன. பேனா மாதிரி இருப்பது ஒரு மதிப்பீட்டைத்தான் தரும். திரவத்தை உண்மையாகவே சூடாக்கிப் பார்க்கும் கருவி நம்பிக்கையானது. அளந்த எண்ணும் கைநூலில் இருக்கும் இடைவெளியும் கையில் இருந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

அதே போல, "எம்.ஓ.டி. பாஸ்" என்பதை அளவுக்கு மேல் நம்பாதீர்கள். அந்தப் பரிசோதனை திரவத்தின் அளவையும், கசிவையும், கண்ணுக்குத் தெரியும் அழுக்கையும் பார்க்கும். எத்தனை பாகையில் கொதிக்கும் என்று அளப்பதில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சொந்தக் காருக்கு வருடாந்தக் கட்டாயப் பரிசோதனையே கிடையாது. அங்கே இருப்பவர்களுக்கு ஞாபகப்படுத்த அரசாங்கமும் வராது.

நிறத்தையும் நம்ப முடியாது. கறுத்துப் போன திரவம் பழையது என்பது சரி. ஆனால் வெளிறிய மஞ்சளாகத் தெரிவது நல்லது என்று அர்த்தமில்லை, தண்ணீருக்கு நிறம் இல்லையே. அளவும் முழுக் கதை சொல்லாது. பேட் தேயத் தேய அளவு மெல்ல இறங்குவது இயல்பு. திடீரென்று இறங்கினால் கசிவு, உடனே காட்டுங்கள். இரண்டுக்கும் மேலே கொஞ்சம் ஊற்றி விடுவது வைத்தியம் அல்ல.

ஊற்றுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டில், சொப்பிங் பையில் சுற்றி, படிக்கட்டுக்குக் கீழே ஒரு அரைப் போத்தல் பிரேக் திரவம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் திறந்தது. எறிய அப்பாவுக்கு மனம் வரவில்லை. திறந்த போத்தலும் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். சிறிய போத்தலாக வாங்குங்கள். மிச்சத்தைச் சேமிக்காதீர்கள், தண்ணீர்த் தொட்டியிலும் ஊற்றாதீர்கள். கவுன்சிலின் கழிவு நிலையத்தில் கொடுக்கலாம். காரின் பெயின்ற்றில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ற் உரியும்.

வீடியோ பார்த்து நீங்களே மாற்றலாமா? ஒருவர் மிதிக்க மற்றவர் திறந்து மூட வேண்டிய வேலை அது. ஒரு குமிழி உள்ளே நின்றாலும் பிழை. சில கார்களுக்குக் கணினிக் கருவியும் தேவை. தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் பழகுங்கள். முதல்முறை தனியாக வேண்டாம்.

முழுக்கச் சொல்வோம்

நமது தலைமுறையில் பலர் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர்களாக வளர்ந்தவர்கள். களைப்பாக இருக்கும். விருப்பமில்லாத வேலையாகவும் இருக்கும். அதனால் சுருக்குகிறோம். ஐந்து வசனம் கேட்டு ஒன்று சொல்கிறோம். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு அப்படியே விழுங்கிவிடுகிறோம். பிறகு முடிவெடுத்தது அப்பாதானே என்று சொல்லிக்கொள்கிறோம். நான் கொடுத்ததை வைத்துத்தான் அவர் முடிவெடுத்தார். அன்று காரில் ஏழு பேர் இருந்தார்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கராஜ்காரர் என்ன சொன்னார் என்பதை முழுவதுமாகச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கும் கேட்டிருக்கலாம், பிள்ளை" என்றார்.

இப்போது பொனற்றுக்குள் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. திரவம் மாற்றிய திகதி, அடுத்து மாற்ற வேண்டிய திகதி, டொட் 4. அப்பாவின் கையெழுத்து. மலை இறங்கும்போது கியரைக் குறைப்பதற்கும் அவர் எனக்குப் பழக்கிவிட்டார். போன மாதம் சேர்விஸுக்குப் போனோம். மெக்கானிக் நீளமாக ஏதோ சொன்னார். நான் சொல்லி முடித்தேன். அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்:

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

திரும்பிப் போய் மறுபடியும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

உங்கள் வீட்டுக் காரின் சேர்விஸ் புத்தகத்தை இந்த வார இறுதியில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிரேக் திரவம் கடைசியாக எப்போது மாற்றியது என்று அதில் ஒரு திகதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். காரணத்தோடு சொல்லுங்கள்.